பாமா விஜயம்: கணக்கில் ஏறாத வரவு

சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், தறியோசை ஓயாத தெரு ஒன்றில் எம் உறவினர் இல்லம் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அங்கே சென்றிருந்தபோது, தொலைக்காட்சியில் ‘பாமா விஜயம்’ ஓடிக்கொண்டிருந்தது. அத்தா முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தனர். பெருநாள் பலகாரத்துக்காக அழைக்கப்பட்டிருந்த பக்கத்து வீட்டு நெசவாளர் அம்மையார் மட்டும் சிரிப்பினிடையே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

திரைப்படம் வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய வழக்கை நாம் இங்கே திறக்கவில்லை. அது நம் இல்லங்களுக்குள் வந்து அமர்ந்து பல காலமாயிற்று. வந்து அமர்ந்த விருந்தாளி நம் பிள்ளைகளிடம் என்ன பேசுகிறான் என்று செவிசாய்ப்பதே இனி நம் கடமை.

கே. பாலசந்தர் எழுதி இயக்கி, 1967-ஆம் ஆண்டு வெளிவந்த படம் இது. கண்டிப்பு மிகுந்த தந்தையாக டி. எஸ். பாலையா, மகன்களாக மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ், மருமகள்களாக சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி. அளவான வருவாயில் அமைதியாக வாழும் கூட்டுக்குடும்பம். அண்டை வீட்டுக்குப் புகழ்பெற்ற நடிகை பாமா (ராஜஸ்ரீ) குடிவருகிறாள். அவளைத் தம் வீட்டுக்கு அழைக்க வேண்டும், அழைத்தால் அவள் கண்ணுக்கு வீடு பகட்டாகத் தெரிய வேண்டும் என்று மருமகள்களிடையே போட்டி மூளுகிறது. பொருள்கள் வந்து குவிகின்றன. கூடவே கடனும் வருகிறது. பின்னர் ஒரு மொட்டைக் கடிதம் வந்து, கணவன்மார் மீதே ஐயம் எழுகிறது.

தலைப்பிலேயே ஒரு நயம் உண்டு. ‘விஜயம்’ என்றால் வெற்றி. வருகை என்றும் பொருள். 1934-இல் இதே பெயரில் புராணப் படம் ஒன்று வந்திருக்கிறது. பாலசந்தர் அந்தப் புராண வாடையைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்து, மகேஸ்வரனுக்குப் பார்வதி, ராமனுக்குச் சீதை, கிருஷ்ணனுக்கு ருக்மணி என்று இணை சேர்த்தார். தெய்வப் பெயர் தாங்கியவர்கள் நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் அடித்துக்கொள்ளும்போது சிரிப்பு தானே பிறக்கிறது. திரையுலகின் பகட்டைத் திரைப்படமே எள்ளி நகையாடத் துணிந்ததும் பாராட்டத்தக்கது. வீண்விரயத்தை இவ்வளவு இனிமையாகக் கண்டித்த படங்கள் தமிழில் அதிகமில்லை.

அந்த அம்மையார் கேட்டது இதுதான்: “ஏன் தம்பி, அந்த மருமகளுங்க பண்ண செலவையெல்லாம் பாட்டாவே பாடிட்டாங்க. அத்தனை பேருக்கும் சோறு பொங்கினதை யாராச்சும் கணக்கில எழுதினாங்களா?”

அவர் வாழும் வீட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். காஞ்சிப் பட்டுச் சேலை ஒருவர் கையால் மட்டும் உருவாவதன்று. தறியில் அமர்ந்திருப்பவர் ஆண்மகனாக இருக்கலாம். ஆனால் ஊடைக்குத் தார் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையே. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, கரைநாடாவை வாங்கித் திருப்பி வீச அருகில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் மனைவியோ மகளோ அமர்ந்திருப்பதைத் தெருவெங்கும் காணலாம். சேலை முடிந்து கூலி வரும்போதோ, அது நெசவாளர் ஒருவரின் பெயரில் வருகிறது. மருமகளின் உழைப்பு அந்தக் கூலிக்குள் கரைந்து, பெயரில்லாமல் போய்விடுகிறது.

‘பாமா விஜயம்’ படத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. அது குடும்பத்தின் வரவு செலவை எழுதுகிறது. வரவுப் பக்கத்தில் ஆண்களின் சம்பளத்தையும், செலவுப் பக்கத்தில் பெண்களின் ஆசையையும் மட்டுமே எழுதுகிறது. மாதச் சம்பளம் மாதக் கடைசி வரை நீண்டதற்கு எவருடைய சிக்கனம் காரணமோ, அவர்கள் ஊதாரிகளாக மட்டுமே நம் நினைவில் நிற்கிறார்கள். கணவன்மாரும் அந்தப் பகட்டுக்கு இசைந்தவர்களே. நடிகையின் புன்னகையில் அவர்களும் மகிழ்ந்தவர்களே. எனினும் சிரிப்பின் பெரும்பங்கு மருமகள்கள் தலையிலேயே விழுகிறது. 1968-இல் தெலுங்கில் ‘பலே கோடள்ளு’ என்றும், இந்தியில் ‘தீன் பஹுரானியான்’ என்றும் இக்கதை படமானது. முன்னதற்குப் ‘பலே மருமகள்கள்’ என்று பொருள். பின்னதற்கு ‘மூன்று மருமகள்கள்’. குற்றவாளி யார் என்பதைத் தலைப்புகளே தீர்ப்பாக எழுதிவிட்டன!

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. டென்மார்க்கில் 1953-இல் வெளிவந்து, தொடர் படங்களாக வளர்ந்த ‘நால்வரின் தந்தை’ என்னும் குடும்ப நகைச்சுவைப் படத்திலும் தாயில்லா வீட்டின் சுமையை மூத்த மகள் தாங்குகிறாள். தலைப்போ தந்தைக்குப் போகிறது.

கலைப்படைப்பிடம் நாம் கணக்குப் புத்தகம் கேட்கவில்லை. ஆனால் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கும் படம், குடும்பத்தினர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்திச் சிரிக்க வேண்டும். அந்த நீதி தவறும்போது, படம் முடிந்த பின்னும் வீட்டில் அதே தீர்ப்பு தொடர்கிறது. நம் இல்லங்களில் நிக்காஹ் ஒன்று கடனில் முடிந்தால், “பெண்களின் பட்டாசை” என்று சொல்லி ஆண்கள் நகர்ந்துவிடுவது இல்லையா? மண்டபம் பெரியதாக வேண்டும் என்றவர் யார், விருந்தில் ஊரே உட்கார வேண்டும் என்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கடனை அடைக்க, சத்தமில்லாமல் கழுத்திலிருந்து கழற்றித் தரப்படும் நகையையும் எவரும் வரவு வைப்பதில்லை.

ஆகவே ‘பாமா விஜயம்’ பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டோம். குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள்; மனம்விட்டுச் சிரியுங்கள். கடனின் கசப்பை இதைவிட இனிப்பாக எடுத்துச் சொல்ல இயலாது. படம் முடிந்ததும் அந்த நெசவாளர் அம்மையாரின் கேள்வியையும் பிள்ளைகள் முன் ஒருமுறை கேளுங்கள். எம் உறவினர் வீட்டில் அன்று அது கேட்கப்பட்டபோது, சிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒரு கணம் பேச்சற்றுப் போனோம். உள்ளே அடுக்களையில், எங்கள் பெருநாள் விருந்தின் பாத்திரங்களைக் கழுவும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.