கல்யாணப் பதிவேட்டில் கிடைத்த பஞ்சாபிகள்

கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இம்பீரியல் பள்ளத்தாக்கு. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பாலைவனத்தில் பருத்தியும் லெட்டூஸ் கீரையும் விளைந்தன. அங்கே கல்யாண உரிமம் கேட்டுப் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில், மணமக்கள் இருவருக்கும் இனம் என்றொரு கட்டம் இருந்தது. வெள்ளையர் வேற்றினத்தாரை மணக்கக் கூடாது என்று சட்டம் தடுத்த காலம். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த எழுத்தர் எதிரே நிற்கும் ஜோடியை ஏற இறங்கப் பார்ப்பார். இருவர் நிறமும் ஒத்துப்போவதாகத் தோன்றினால் உரிமம் கிடைக்கும். ஒரு பஞ்சாபி ‘பழுப்பு’ ஆனார், இன்னொருவர் ‘வெள்ளை’ ஆனார். எல்லாம் எழுத்தரின் கண்ணைப் பொறுத்தது.

அமெரிக்காவில் இந்தியர் என்றதும் நமக்கு 1965 குடியேற்றச் சட்டமும் அதன் பின் போன டாக்டர்களும் இன்ஜினியர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதற்கு முந்தைய அரை நூற்றாண்டை மீட்டெடுத்த ஆய்வாளர்கள் சிலரே. அவர்கள் தோண்டிய இடங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். அந்த மனிதர்களை நினைவில் வைக்க எந்தக் காகிதமும் எழுதப்படவில்லை. அவர்களைத் தடுக்கவும் எண்ணவும் வேவு பார்க்கவும் எழுதிய காகிதங்களில்தான் அவர்கள் கிடைக்கிறார்கள்.

இத்துறையின் அடித்தள நூல்களில் ஒன்று ஜோன் ஜென்சன் 1988இல் வெளியிட்ட ‘பாசேஜ் ஃப்ரம் இந்தியா’. அது சட்டங்களின் கதை. 1913இல், குடியுரிமை பெற முடியாதவர் நிலம் வாங்கக் கூடாது என்ற கலிபோர்னியா அந்நியர் நிலச் சட்டம் வந்தது. 1917இல் ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து ஆட்கள் வருவது தடுக்கப்பட்டது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர் குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஊரிலிருந்து மனைவியைக் கூட்டி வர வழியில்லை, நிலம் வாங்கவும் வழியில்லை. ஜென்சனின் நூல் கதவுகள் எப்படி மூடப்பட்டன என்பதைத் துல்லியமாகச் சொல்கிறது. மூடிய கதவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பது அதில் அவ்வளவாக இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர் கரேன் லியனார்ட். ஹைதராபாத் காயஸ்தர் குடும்பங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர், அதே கையோடு கலிபோர்னியாவின் மாவட்ட அலுவலகங்களுக்குப் போனார். கல்யாணம், பிறப்பு, இறப்பு, விவாகரத்து என்று பதிவேடு பதிவேடாகப் புரட்டி, ஏறக்குறைய 400 பஞ்சாபி–மெக்சிகோ குடும்பங்களை அடையாளம் கண்டு, பிள்ளைகளைத் தேடிப் பேசி, 1992இல் ‘மேக்கிங் எத்னிக் சாய்ஸஸ்’ எழுதினார். மெக்சிகோப் புரட்சிக்குத் தப்பி வந்து பருத்தி பறித்த குடும்பங்களின் பெண்களைப் பஞ்சாபி விவசாயிகள் மணந்தார்கள். அக்காளைக் கட்டியவரின் கூட்டாளி தங்கையைக் கட்டுவது வழக்கமாயிற்று. பிள்ளைகளுக்கு மாதா கோயிலில் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்பவர் அப்பாவின் சீக்கிய நண்பர். ஹோசே, மரியா என்ற பெயர்களுக்குப் பின்னால் சிங், கான். அங்கே பிறந்த பிள்ளை பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகன் என்பதால், அப்பா வாங்க முடியாத நிலத்தைப் பிள்ளையின் பெயரில் எழுதி, தான் காப்பாளராக நின்று உழுதவர்கள் உண்டு.

இந்தக் கதையை எடுக்கும் பத்திரிகைகள் ரொட்டிக்கும் டோர்ட்டியாவுக்கும் உள்ள ஒற்றுமையில் மயங்கி அங்கேயே நின்றுவிடுகின்றன. லியனார்ட் அப்படி நிற்பவர் அல்ல. வயது வித்தியாசம், ஓயாமல் வந்து தங்கும் கணவனின் கூட்டாளிகளுக்கும் சேர்த்துச் சமைக்கும் வேலை, அடிதடி, விவாகரத்து எல்லாம் அவர் நூலில் இருக்கின்றன. இத்துறையில் ஒரே ஒரு நூலைப் படிக்க நேரம் உள்ளவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவின் மறுகோடிக்குப் போனவர் விவேக் பால்ட். ‘பெங்காலி ஹார்லெம்’ (2013) வங்காள முஸ்லிம்களைப் பற்றியது. ஹூக்ளி மாவட்டத்தின் சிக்கன்காரி பூத்தையல் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்த வியாபாரிகள் கோடையில் நியூ ஜெர்சிக் கடற்கரை ஊர்களில் விற்றார்கள். குளிர்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் போனார்கள். அங்கே டிரெமே பகுதியில் கறுப்பினப் பெண்களை மணந்து சிலர் தங்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் லஸ்கர்கள், அதாவது கப்பல் தொழிலாளர்கள், பலர் கரி அள்ளிப் போட்டவர்கள். நியூயார்க் துறைமுகத்தில் இறங்கி மாயமானார்கள். கப்பல் பயணிகள் பட்டியலையும் மக்கள்தொகைக் கணக்கேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பால்ட் அவர்களைப் பின்தொடர்கிறார். அந்தப் பொறுமை வியப்பளிக்கிறது. பட்டியலிலிருந்து வாழ்க்கைக்குத் தாவும் சில இடங்களில் ஊகம் கொஞ்சம் தாராளம்.

நயன் ஷாவின் ‘ஸ்டிரேஞ்சர் இன்டிமசி’ (2011) நீதிமன்றக் கட்டுகளில் புகுந்து, வெளியே சொல்லக் கூசிய உறவுகளைப் பேசியது. சீமா சோஹியின் ‘எக்கோஸ் ஆஃப் மியூட்டினி’ (2014) உளவுத் துறைக் கோப்புகள் வழியே, அமெரிக்காவில் இருந்த இந்தியப் புரட்சியாளர்களின் கதர் கட்சியைப் பார்த்தது. கதர் பற்றி இந்தியாவிலும் எழுதிக் குவித்திருக்கிறார்கள், விடுதலைப் போரோடு சேர்ந்துவிட்டதால். ஆனால் அது ஓரகன் மாநிலத்தின் அஸ்டோரியா என்ற மரவாடி ஊரில் 1913இல் உருவெடுத்தது என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே மறந்துபோயிருந்தது. ஜொஹானா ஆக்டன் 2012இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, அடுத்த ஆண்டு அவர்கள் நூற்றாண்டு விழா எடுத்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊருக்கு மறதி இன்னும் வசதியாக இருந்தது. 1907 செப்டம்பர் 4 இரவு, சில நூறு வெள்ளைத் தொழிலாளர்கள் மர அறுவை ஆலைகளிலும் தங்குமிடங்களிலும் புகுந்து இந்தியர்களை விரட்டினார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பலர் நகர மன்றக் கட்டடத்தில் அடைக்கப்பட்டார்கள். சில நாளில் ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. அன்று அந்தப் போக்குக்குத் துணைபோன உள்ளூர் நாளேடு 2007இல் மன்னிப்புக் கேட்டது. 2018இல் நினைவு வளைவு எழுந்தது.

சென்னைக்கும் இதில் ஒரு வரி உண்டு. மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தில் பாதிரியார் வில்லியம் பென்ட்லி 1790 டிசம்பரில், மதராஸிலிருந்து வந்த உயரமான, கறுத்த ஒருவரைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதினார், பெயரை எழுதவில்லை. அமெரிக்காவில் இந்தியர் வரலாற்றைப் பலர் இவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நாள் சொல்ல உதவுமே தவிர, அவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஓரடிகூட நகர முடியாது.

1956இல் இம்பீரியல் பள்ளத்தாக்கிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான தலிப் சிங் சவுந்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். பெர்க்லியில் கணித முனைவர் பட்டம் பெற்று, பிறகு லெட்டூஸ் பயிரிட்டவர், அறியப்பட வேண்டியவர்தான். ஆனால் 1965க்குப் பின் வட கலிபோர்னியாவின் யூபா சிட்டிக்கு வந்திறங்கிய புதிய பஞ்சாபிக் குடும்பங்கள், ஸ்பானிய மொழி பேசிய பழைய சிங் குடும்பங்களைத் தம்மவராக எண்ணவில்லை. பழையவர்களின் பிள்ளைகள் தங்களுக்கென்று கிறிஸ்துமஸ் நடன விருந்து வைத்துக் கூடிக்கொண்டார்கள். இந்தப் பிளவைப் பற்றியும் லியனார்ட்தான் எழுதியிருக்கிறார். அந்தத் தாய்மார்கள் புறப்பட்டு வந்த மெக்சிகோ ஊர்களிலிருந்து தொடங்கும் ஆய்வு வந்தால், இத்துறை இன்னொரு பக்கத்துப் பதிவேடுகளையும் திறக்க வேண்டியிருக்கும்.