63-ஆம் இடம், எந்த ஊருக்கு?

கோச்சடையில் மேலக்கால் ரோட்டில் போகிறவர்களுக்கு ஃபென்னர் கம்பெனியைத் தெரியாமல் இருக்காது. வி-பெல்ட் செய்கிறார்கள். அந்த பெல்ட்டை வெளியூர்க்காரர் காசு கொடுத்து வாங்குகிறாரா, அதைச் செய்கிறவருக்கு நல்ல சம்பளம் கிடைக்கிறதா? போட்டித்திறன் என்றால் எனக்கு இந்த இரண்டு கேள்விதான். மைக்கேல் போர்ட்டர் 1990-ல் எழுதிய தடிப் புத்தகமும் இங்கேதான் வந்து நிற்கிறது: நாட்டளவில் உற்பத்தித்திறனைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு உருப்படியான அர்த்தம் இல்லை என்கிறார். பால் க்ரூக்மன் 1994-ல், நாடு ஒன்றும் கம்பெனி இல்லையே, நஷ்டம் வந்தால் இழுத்து மூடவா முடியும் என்று அந்தச் சொல்லையே சந்தேகித்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உலக வங்கியின் பழைய டூயிங் பிசினஸ் அறிக்கைகளைப் படித்தேன். 2014-ல் வந்ததில் இந்தியா 142-ஆம் இடம், 2019-ல் வந்ததில் 63. நம்மூரில் அதற்கு வெடி வெடிக்காத குறைதான்! ஆனால் அளந்தது எங்கே? மும்பையிலும் டெல்லியிலும் மட்டும். 2014-க்கு முன்னால் மும்பை மட்டுமே. ஒரு கற்பனைக் கம்பெனி, ஒரு கற்பனை கோடவுன், அதற்கு கரண்ட் இணைப்பு வாங்க எத்தனை படி, எத்தனை நாள் என்று கணக்கு.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட், நமக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் ராத்திரி கரண்ட் வந்ததும் ஆட்களை எழுப்பி வேலை பார்த்தார். அந்த ராத்திரி வேலை எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

என் தொழிலிலும் இந்தக் கூத்து உண்டு. டெஸ்ட் கவரேஜ் 90 சதவீதம் வேண்டும் என்று மேலிடம் சொன்னது. கொண்டுவந்தோம். எதையுமே சரிபார்க்காத டெஸ்ட்டுகளாக எழுதி (நானும்தான்). பக் குறையவில்லை.

சீனா, சவூதி அரேபியா போன்ற நாடுகளின் தரவில் முறைகேடு என்று தெரிந்து 2021-ல் அறிக்கையையே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் அந்தத் திருகலைத்தான் திட்டினார்கள். திருகாமல் இருந்திருந்தாலும் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. மாநிலப் பட்டியலையும் பாருங்கள்: மத்திய அரசின் 2019 தொழில் சீர்திருத்தத் தரவரிசையில் உத்தரப்பிரதேசம் 2, தமிழ்நாடு 14. தொழிற்சாலை எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாடு!

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எப்படி அளந்தோம் என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. அதனால்தான் என்னால் இங்கே உட்கார்ந்து குறை சொல்ல முடிகிறது. 2024-ல் பி-ரெடி என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த முறை நிஜக் கம்பெனிகளிடமே கேட்ட ஆய்வையும் சேர்க்கிறார்கள். மாதம் எத்தனை தடவை கரண்ட் போகிறது, எவ்வளவு நேரம் என்ற கேள்வி அந்த ஆய்வில் இருக்கிறது. 2012-ல் எங்கள் தெருவில் வந்து கேட்டிருந்தால் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லியிருப்பார்.