மாயாவின் காணொளிகளும் வன்னி மக்களும்

"மேலைநாட்டு றொக் இசையும் பொப் இசையும் முதலாளித்துவ நசிவின் கூச்சல்கள். அவை பற்றி முற்போக்கு விமர்சகனுக்கு என்ன பேச்சு?" என்று கேட்டார் ஆசிரிய நண்பர் ஒருவர். "எம்.ஐ.ஏ. எங்கள் பிள்ளை, எங்கள் துயரை உலகறியச் சொன்னவள்" என்று தலையில் வைத்துக் கொண்டாடுவோரும் கிளிநொச்சியில் உண்டு. இரு சாராருமே அவருடைய காணொளிகளைக் கண்திறந்து பார்த்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

மாதங்கி மாயா அருள்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்தவர். சிறுபராயத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1986இல் அகதியாக மீண்டும் இலண்டன் சேர்ந்தவர். அங்கே திரைப்படக் கலை பயின்றார். ஆதலால் அவருக்குக் காணொளி பாட்டின் விளம்பரமன்று, பாட்டின் மறுபாதி.

2004இல் வந்த 'கலாங்' காணொளியில் அவரே வரைந்த அச்சுருவங்கள் சுவரெங்கும் ஆடுகின்றன: பனை, புலி, பீரங்கி வண்டி, குண்டு. அவற்றின் முன்னே அவர் ஆடுகிறார். அதே ஆண்டின் 'சன்ஷவர்ஸ்', தென்னிந்தியக் காடொன்றில், போராளிகளை நினைவூட்டும் பெண்களைக் காட்டுகிறது. பலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சுட்டும் ஒரு சொல்லுக்காக எம்.டி.வி. அதற்கு இடைஞ்சல் செய்தது. அத்தணிக்கையைக் கண்டிக்கும் நாம் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்போது இங்கே போர்நிறுத்தக் காலம். அக்காலத்திலும் சிறுவர்கள் புலிகளின் படையிற் சேர்க்கப்பட்டதை யுனிசெப் பதிவு செய்தது. பின்னர் வீட்டுக்கொருவர் என்ற கட்டாயமும் வந்தது. 1958, 1977 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து, வன்னியிற் காடுவெட்டிக் கூலிகளாய் வாழ்ந்த குடும்பங்கள் பிள்ளைகளை ஒளித்துவைக்க இடமின்றித் தவித்தன. இலண்டனில் அழகாய்த் தெரிந்த சீருடை அவர்களுக்கு அழகாய்த் தெரிந்திருக்க நியாயமில்லை.

'பேர்ட் புளூ'வில் நம் உறுமி முழங்குகிறது, கிராமத்துச் சிறுவர்கள் துள்ளுகிறார்கள், ரசிக்கலாம். அவர் புகழை உலகெங்கும் கொண்டுசென்றது 'பேப்பர் பிளேன்ஸ்'. வியட்நாம் போர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் குடியேறிகளின் அவலத்தையும் 1982இற் பாடிய 'த கிளாஷ்' என்ற பிரித்தானிய றொக் குழுவின் இசைத்துணுக்கின் மீது அது எழுப்பப்பட்டது. 'நசிவு' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் நண்பர் இம்மரபையும் கவனிக்க வேண்டும். காணொளியில் மாயா தெருவண்டியில் உணவு விற்கிறார். குடியேறிய உழைப்பாளியின் கோலம். பாட்டிலுள்ள துப்பாக்கி ஓசையை எம்.டி.வி. மழுங்கடித்தது.

2009 பெப்ரவரி 8ஆம் நாள், நிறைமாதக் கர்ப்பிணியாய், கிராமி விருது மேடையில் அவர் தோன்றினார். அம்மாதத் தொடக்கத்திலேதான் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்தன. அந்த நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னியைப் பற்றி அவர் துணிந்து பேசினார். அதை நாம் மறக்கலாகாது.

2010 ஏப்ரலில் வந்தது 'போர்ன் ஃப்ரீ'. நெறியாள்கை ரொமெய்ன் கவ்ராஸ். 'இசட்' என்ற அரசியற் படத்தை எடுத்த கொஸ்ரா கவ்ராஸின் மகன். ஒன்பது நிமிடம். ஆயுதந் தரித்த சீருடையினர் குடியிருப்பொன்றுக்குள் புகுகின்றனர். கதவுகளை உடைத்துச் செந்நிறத் தலைமயிர் கொண்ட ஆண்பிள்ளைகளை மட்டும் பிடித்து வண்டியில் ஏற்றுகின்றனர். பாலைநிலத்திற் கொண்டுபோய் இறக்குகின்றனர். ஒரு சிறுவனைத் தலையிற் சுடுகின்றனர். மற்றவரைக் கண்ணிவெடி நிலத்தினூடே ஓட விரட்டுகின்றனர். யூடியூபில் இதற்குக் கட்டுப்பாடுகள் விழுந்தன.

இதிலே தமிழரில்லை, பனையில்லை, புலியில்லை. மாயாவும் இல்லை! ஆயினும், 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய, கண்ணும் கையும் கட்டப்பட்டுச் சுடப்பட்டோரின் காட்சியைப் பார்த்த எவரும் இதைக் கதையென்று தள்ளிவிட முடியாது. மெனிக் பாம் முட்கம்பிக்குள் தலைமயிரின் நிறம் பார்க்கவில்லை. மொழியும் வயதும் பார்த்துப் பிரித்தெடுத்தார்கள். போர் ஓய்ந்து பல ஆண்டுகள் முகமாலை மண்ணை அங்குலம் அங்குலமாய்க் கிளறிக் கண்ணிவெடி எடுத்தவர்களில் நம் பெண்கள் பலர். அவர்களுக்கு அந்த ஓட்டத்தின் பொருளை விளக்கத் தேவையில்லை. நட்சத்திரம் விலகி நின்ற இடத்திலேதான் மக்கள் உள்ளே வர முடிந்தது. குருதியை இத்தனை அருகிற் காட்டியது மிகை என்போர் உளர்; அது ஓரளவு நியாயமே.

அதன் பிறகு வந்தது சரிவு. 'பாட் கேர்ள்ஸ்' (2012) மொறோக்கோ மணலில் இரு சக்கரத்திற் சாய்ந்தோடும் கார்களின் வித்தை. 'போடர்ஸ்' (2015) அவரே நெறிப்படுத்தியது: அகதிகள் படகிலே நெருங்கியிருக்கிறார்கள், முட்கம்பி வேலியிலே தொற்றி ஏறுகிறார்கள். அளந்து நிறுத்திய கோலம். நடுவே அசையாது, அலங்காரமாய், மாயா. ஒருவனுக்கேனும் ஒரு சொல் பேச இடமில்லை. வேலியை உண்மையாகவே கடந்து வந்த ஒருவர் அவர்களைத் தமக்குப் பின்புலமாக்கியதுதான் என்னை உறுத்துகிறது.

பரிஸ் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று இக்காணொளியை நீக்கும்படி கடிதம் அனுப்பியது. மாயா அணிந்திருந்த அக்கழகச் சட்டையில் விளம்பர நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'கடற்கொள்ளையர்' என்று மாற்றப்பட்டிருந்ததாம். கழகத்தின் கவலை சட்டையைப் பற்றியது. வேலியில் தொங்கியவர்களைப் பற்றியதல்ல.