ரிம்மில் ஒரு சிவப்பு வளையம்

பைக் நிற்கும்போது பெரிதாகக் கண்ணில் படாத அழகு, ரிம் ஸ்டிக்கர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பின்சக்கரத்தருகே குத்தவைத்து உட்காரும் தம்பியின் விரல்களைப் பாருங்கள். 17 இன்ச் ரிம்முக்கென்றே வில் வில்லாக வெட்டிய துண்டுகள். நேர் டேப்பை வளைத்து ஒட்டினால் உள்விளிம்பு சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, துண்டை அதன்மேல் மிதக்கவிட்டு, நகர்த்தி நகர்த்தி இடம் பார்க்கிறான். பிறகு பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு தள்ளு. தண்ணீர் வழிய, கொப்புளம் அடங்குகிறது. கடைசியில் சக்கரத்தைச் சுழற்றிவிடுவான்: துண்டுகளெல்லாம் மறைந்து ஒரே சிவப்பு வளையம். ஒரு துண்டு ஏறி இறங்கி ஒட்டியிருந்தாலும் வளையம் நடுங்கும்.

உரிப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். வெயிலில் காய்ந்து மொறுமொறுத்த ஸ்டிக்கர் நகத்துக்கு மசியாது, பொடிப்பொடியாக உதிரும். ஹேர் டிரையரின் சூட்டைக் கொஞ்சம் காட்டினால் இளகிவிடும். வெடுக்கென்று பிடுங்கக்கூடாது, நுனியை மடித்துப் பிடித்து மெல்ல இழுத்தால், 'சர்ர்ர்' என்று நீளமாக வரும். மிச்சப் பசையை மண்ணெண்ணெய்த் துணி பார்த்துக்கொள்ளும். (ஒருமுறை அவசரப்பட்டுத் தின்னரைத் தொட்டேன், பெயின்டும் கூடவே வந்தது.) துடைத்து முடித்தால், ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படாத கறுப்பு, வண்டி வாங்கிய அன்றைய பளபளப்போடு.