பாட்டியும் ஆட ஒரு கன்சோல்

கேம் கன்சோல் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்து விடுவது 4கே, 120 ஃபிரேம், டெராபைட் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபதைத் தாண்டிய மாமியாருக்கும் இதில் எதுவும் வேண்டாம். ஒரே டிவி முன்னால் எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், தோற்றுக்கொண்டே இருப்பவர் பாதியில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பாரா, இவைதான் கேட்க வேண்டியவை. நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மூன்றையும் இந்தக் கணக்கோடுதான் எங்கள் ஹாலில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஆடியவர்கள் பதினொரு வயது மகன், ஆறு வயது மகள், மாமியார், நான். வீட்டுக்காரர் கிரிக்கெட் என்றால் மட்டும் வருவார்.

பெட்டியைப் பிரித்த கையோடு இரண்டு பேர் ஆடலாம் என்பது ஸ்விட்சின் பெரிய பலம். திரையின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்-கான்களைக் கழற்றிக் குறுக்குவாட்டில் பிடித்தால் ஒவ்வொன்றும் ஒரு கன்ட்ரோலர். எடை சுமார் 50 கிராம்தான், சின்னக் கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. பெரியவர்களுக்குச் சங்கடம். மேல் விளிம்பில் இருக்கும் எஸ்எல், எஸ்ஆர் பட்டன்கள் அரிசி மணி போல அவ்வளவு சிறியவை, கொஞ்ச நேரத்தில் விரல் இறுகிவிடும். கூட வரும் கைப்பட்டையை மாட்டினால் அந்தப் பட்டன்கள் கொஞ்சம் பெரிதாகும். மாட்டும்போது பட்டையில் உள்ள கூட்டல், கழித்தல் குறியும் ஜாய்-கானில் உள்ள குறியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிச் செருகினால் சிக்கிக்கொள்ளும், பிறகு கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது 2017-இல் வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸ். நாலு பேர் ஆடினால் திரை நாலாகப் பிரியும். 43 அங்குல டிவியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கட்டம்தான் கிடைக்கும். மாமியார் முதல் ரேஸ் முழுவதும் என் மகனின் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, “நான் நல்லாத்தானே ஓட்டுறேன்” என்றார். “பாட்டி, உங்க வண்டி கீழே, செவுத்துல முட்டிட்டு நிக்குது” என்றான் அவன்.

அதற்கும் இந்த விளையாட்டில் வழி இருக்கிறது. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே ஸ்மார்ட் ஸ்டியரிங், ஆட்டோ ஆக்ஸிலரேட் இரண்டையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போடலாம். முதலாவது, வண்டி பாதையை விட்டு விழாமல் தானே திருப்பிவிடும். அதைப் போட்ட வண்டியின் பின்னால் சின்ன ஆன்டெனா ஒன்று நிற்கும், குறுக்குவழி சிலவும் அந்த வண்டிக்குக் கிடைக்காது. இரண்டாவது, பட்டனை அழுத்தாமலே வண்டி ஓடும். இரண்டையும் போட்டுக் கொடுத்தால் குழந்தைக்கு வேலை வளைவில் திருப்புவதும் கையில் வரும் பொருளை எறிவதும்தான். பின்னால் வருகிறவருக்கு நல்ல பொருளாகவும் முன்னால் போகிறவருக்கு வெறும் வாழைப்பழத் தோலாகவும் கிடைப்பது வேறு. கெட்டிக்காரப் பையன் கடைசி வளைவில் பின்னாலிருந்து எறியப்பட்ட நீல ஆமை ஓடு பட்டுச் சுழலும்போது பாட்டி முந்திப் போவார். அது திறமைக்கு அநியாயம் என்று என் மகன் சொல்வான், சரிதான். ஆனால் அந்த அநியாயம் இல்லாவிட்டால் அவனோடு ஆட வீட்டில் ஆள் இருக்காது.

2023-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டரிலும் இதே கரிசனம். யோஷி, நாபிட் என்ற பாத்திரங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால் எதிரி மோதினாலும் அடிபடாது, பள்ளத்தில் விழுந்தால்தான் போச்சு. மகள் யோஷியை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஸ்விட்ச் குடும்பத்தில் விலை குறைந்தது ஸ்விட்ச் லைட். அதில் கன்ட்ரோலரைக் கழற்ற முடியாது, டிவியில் இணைக்கவும் முடியாது. ஒருவர் கையில் வைத்துத் தனியாக ஆட நல்ல பொருள்; சேர்ந்து ஆடுவதற்கென்று வாங்குகிறவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

நிண்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லை என்பதுதான் ஸ்விட்சில் உள்ள பெரிய உறுத்தல். சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைன் ஆனாலும் கிடைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு, விலை கடைக்குக் கடை மாறும். கடைக்காரர் சொல்லும் வாரண்டி அவருடைய வாய்ச்சொல்தான், அதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப்பிலும் ரூபாய் செல்லாது, வேறு நாட்டுக் கணக்கும் அந்நாட்டு கிஃப்ட் கார்டும் வேண்டும். அதனால் கார்ட்ரிட்ஜாக வாங்குவதே உத்தமம். பெரும்பாலும் எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் ஓடும். நிண்டெண்டோ தன் விளையாட்டுகளின் விலையை லேசில் குறைப்பதில்லை என்பதால், ஆடி முடித்து விற்றாலும் பெரிய நட்டம் வராது.

ஜாய்-கானின் ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் தானாக நகரும் ‘டிரிஃப்ட்’ கோளாறு உலகம் முழுக்கப் பேர்போனது. 2020-இல் நிண்டெண்டோ தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவாவே அதற்கு வருத்தம் தெரிவித்தார். அதிகாரபூர்வ சர்வீஸ் இல்லாத ஊரில், ஸ்டிக் மாற்றத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2-இல் 7.9 அங்குலத் திரை, காந்தத்தில் ஒட்டும் பெரிய ஜாய்-கான். பெரியவர் கைக்கு நிச்சயம் தேவலை, பழைய விளையாட்டுகளில் பெரும்பாலானவையும் ஓடும். ஆனால் அமெரிக்காவில் அறிமுக விலையே 450 டாலர். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 7 அங்குல ஓஎல்இடி ஸ்விட்ச் இன்றும் தாராளம்.

பிளேஸ்டேஷன் 5 இங்கே முறைப்படி கிடைக்கிறது. டிஸ்க் போடும் ஸ்லிம் மாடல் 2024 ஏப்ரலில் 54,990 ரூபாய்க்கு வந்தது. கூடவே வரும் ஆஸ்ட்ரோஸ் பிளேரூமில் மணலில் நடந்தால் ஒரு அதிர்வு, மழை பெய்தால் வேறு அதிர்வு என்று கன்ட்ரோலர் உள்ளங்கையில் பேசும். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். ஆனால் அது ஒருவர் மட்டும் ஆடுவது. அடுத்த நிமிடமே “இப்ப என் டர்ன்” சண்டை. பெட்டியில் ஒரே கன்ட்ரோலர், எடை 280 கிராம், மகள் மடியில் வைத்துத்தான் ஆடினாள். இன்னொன்று வேண்டுமென்றால் ஆறாயிரத்தை ஒட்டி ஆகும். நாலு பேர் என்றால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

அந்தச் செலவைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. ஓவர்குக்ட் 2 என்கிற சமையல்கட்டு விளையாட்டில் ஒரே கன்ட்ரோலரின் இடப்பாதியை ஒருவரும் வலப்பாதியை ஒருவரும் பிடித்து ஆடலாம். நானும் மகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அப்படித்தான் வெங்காயம் நறுக்கினோம். நாலு பேர் சேர்ந்து ஆட சாக்பாய் எ பிக் அட்வென்ச்சர் அருமையானது. இட் டேக்ஸ் டூ மிகவும் புகழ் பெற்றது, இரண்டு பேர் இல்லாமல் தொடங்கவே முடியாது. ஆனால் அதன் கதை விவாகரத்துக்கு நிற்கும் ஒரு அம்மா, அப்பாவைப் பற்றியது. அதில் பொம்மை யானையைக் கொடுமைப்படுத்தும் காட்சியை நான் ஆறு வயதுக் குழந்தைக்குக் காட்டமாட்டேன். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகி, வீட்டில் கிரிக்கெட், கால்பந்துப் பைத்தியம் இருந்தால் பிஎஸ்5 சரியான தேர்வு. டிஸ்க் மாடலையே எடுங்கள். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கலாம், விற்கலாம், பழைய பிஎஸ்4 டிஸ்கும் ஓடும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020-இல் 34,990 ரூபாய்க்கு வந்தபோது மலிவாகத் தெரிந்தது. டிஸ்க் டிரைவ் கிடையாது, 512 ஜிபியில் விளையாட்டுகளுக்கு மிஞ்சுவது 364 ஜிபிதான். எல்லாம், மாதம் பணம் கட்டிப் பல விளையாட்டுகளை ஆடும் கேம் பாஸ் சந்தாவை நம்பி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு விளையாட்டு மாற்றும் பிள்ளைக்கு அது நல்லது. எங்கள் வீட்டில் ஒரே விளையாட்டைத்தான் மாதக்கணக்கில் ஆடுகிறார்கள்.

பஜாரில் பத்தாயிரம் கேம் என்று விற்கும் எச்டிஎம்ஐ ஸ்டிக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். தொண்ணூறுகளில் கேசட் போட்டு கான்ட்ரா ஆடியவர்களுக்கு ஒரு மாலை நன்றாகப் போகும். உள்ளே இருப்பது உரிமம் இல்லாத நகல்கள், பட்டனை அழுத்தினால் ஆள் ஒரு கணம் தாமதித்துத்தான் குதிப்பான்.

அந்தத் தாமதம் நல்ல கன்சோலிலும் வரும், காரணம் டிவி. அதன் செட்டிங்ஸில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். பழைய ஸ்விட்சுக்கு இதை நாமே செய்ய வேண்டும். கரண்ட் போனால் ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து எடுத்துக் கையில் வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிஎஸ்5 அணைந்துவிடும், மறுபடி போடும்போது ஒழுங்காக அணைக்கவில்லை என்று புகார் சொல்லும்.

கடைசியாக, நேரக் கட்டுப்பாடு. பிஎஸ்5-லும் எக்ஸ்பாக்ஸிலும் ஒவ்வொரு பிள்ளையின் கணக்குக்கும் தனி நேரம், தனிச் செலவுக் கட்டுப்பாடு வைக்கலாம். ஸ்விட்சுக்கும் ஃபோன் ஆப் இருக்கிறது, ஆனால் அதில் வைக்கும் நேரம் மொத்த இயந்திரத்துக்கும் சேர்த்துத்தான். பள்ளியிலிருந்து முதலில் வரும் அண்ணன் ஒரு மணி நேரத்தையும் தின்றுவிட்டால் தங்கைக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. நேரம் முடிந்ததும் விளையாட்டையே நிறுத்திவிடும் வசதியும் ஆப்பில் தனியாக இருக்கிறது. அதை நான் போடவில்லை. அலாரம் மட்டும் அடிக்கும், ஓடுகிற ரேஸை முடித்துவிட்டு அணைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். முக்கால்வாசி நாள் அது நடக்கிறது.