சாய்ந்து நிற்க ஒரு கோல்

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு என்றால் நிற்பதுதான். பண்டிகை நாள்களில் இரவில் தொடங்கும் பாடல் விடிந்த பிறகும் நீளும். அத்தனை நேரமும் நிற்பவருக்குத் துணை 'மக்வாமியா' என்னும் கோல். நீண்ட, மெல்லிய கழி. தலைப்பில் குறுக்காக ஒரு பிடி. கால் கடுத்தால் அதைக் கக்கத்தில் கொடுத்துச் சாய்ந்துகொள்ளலாம்.

பாட்டு சூடுபிடித்ததும் அதே கோல் தாளக்கோலாகிவிடுகிறது. வெள்ளை உடுத்திய பாடகர்கள் எதிரெதிர் வரிசைகளில் நின்று, கோலை ஏற்றியும் இறக்கியும் தரையில் ஊன்றியும் அசைகிறார்கள். மறு கையில் உலோகத் தகடுகள் கிலுங்கும் 'ட்சனாட்சில்'. தோளில் தொங்கும் 'கெபரோ' முரசு நிதானமாகத் தொடங்கி, போகப்போக வேகமெடுக்கிறது. இந்த இசை மரபை 6ஆம் நூற்றாண்டில் புனித யாரேடு வகுத்தளித்தார் என்பது அவர்கள் நம்பிக்கை.

கோயிலுக்கு வெளியிலும் இந்தப் பக்தி தொடர்கிறது. புதனும் வெள்ளியும் நோன்பு: இறைச்சி, பால், முட்டை கிடையாது, இன்ஜெரா என்னும் அப்பத்தோடு பருப்பும் கீரையும்தான். வேலைக்குப் போகிற வழியில் ஆலய மதிலருகே நின்று, குனிந்து வணங்கி, வாசலை முத்தமிட்டுச் செல்கிறார்கள்.

ஜெபத்தை மனதின் வேலையாக மட்டும் நினைப்பவர்கள் இவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. காலும் கையும் வயிறும் சேர்ந்தே இங்கே ஜெபிக்கின்றன. உடல் களைப்பதை இந்த மரபு குறையாகப் பார்க்கவில்லை. களைத்தவர் கையில் ஒரு கோலைக் கொடுத்து, தொடர்ந்து பாடச் சொல்கிறது.