எஃகுக் குகைகள்: துப்பு துலங்கியது, நீதி துலங்கவில்லை

கொலை நடந்தது, கொலை செய்தவன் பிடிபட்டான், வழக்கு முடிந்தது. ஆனால், கணக்குத் தீர்ந்ததா?

ஐசக் அசிமோவ் 1954-இல் நூலாக வெளியிட்ட 'எஃகுக் குகைகள்' என்னும் விஞ்ஞானத் துப்பறியும் நாவலைப் படித்து முடித்ததும் என் நெஞ்சில் எழுந்த கேள்வி இது. எழுதியவர் சாமானியரல்லர். உயிர்வேதியியல் பேராசிரியர்; கடவுள் நம்பிக்கையற்றவர்; 1985 முதல் 1992-இல் மறையும் வரை அமெரிக்க மனிதநேயச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். ஆவலோடு எடுத்தேன், அதனாலேயே ஏமாற்றமும் பெரிதாயிற்று.

கதை நடப்பது வருங்கால நியூயார்க்கில். எஃகுக் கூரையின்கீழ் இரண்டு கோடி மக்கள். வெட்டவெளியைக் கண்டாலே நடுங்குவோர். அருகே வேற்றுக் கோள்களிலிருந்து வந்தோரின் குடியிருப்பு. அங்கே சார்ட்டன் என்னும் அறிஞர் கொல்லப்படுகிறார். துப்பறிய வருகிறார் பெய்லி. துணைக்கு வருவது மனித உருக்கொண்ட இயந்திரமான டானீல்.

புதிர் அருமை. அதை மறுக்கமாட்டேன். தொடக்கத்திலேயே, போலீஸ் ஆணையர் எண்டர்பி தம் மூக்குக்கண்ணாடி உடைந்த செய்தியைச் சொல்லிவிடுகிறார். நாம் கவனியாது கடந்துவிடுகிறோம். கொலை நடந்த இடத்தில் கிடந்த கண்ணாடித் துகளே இறுதியில் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. மாயமில்லை, மந்திரமில்லை, கண்ணும் கருத்துமே கருவி. இதுவரை பகுத்தறிவு வென்றது.

பிறகுதான் சறுக்கல்.

பேரட் என்றொரு சிறுவன். அவனுடைய ஏவலாள் வேலையைப் பறித்து, சாம்மி என்னும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெய்லியின் தந்தையோ பதவி பறிக்கப்பட்டு, நொந்து மாண்டவர். வயிற்றெரிச்சல் கொண்ட மக்கள் இயந்திரங்களைக் கண்டால் கொதிக்கிறார்கள். இவ்வளவும் காட்டிய ஆசிரியர் கூறும் மருந்து என்ன? மக்கள்தொகை பெருகிவிட்டது, வேறு கோள்களுக்குக் குடிபெயருங்கள் என்பதே! 800 கோடி மக்கள் என்று நாவல் அஞ்சிய எண்ணை உலகம் 2022-லேயே எட்டிவிட்டது. எஃகுக் குகைக்குள் ஒடுங்கிவிட்டோமா? இல்லையே! நோய் தலைகளின் எண்ணிக்கையிலா, விளைந்ததைப் பங்கிடும் முறையிலா? இயந்திரம் ஈட்டும் பயன் யாருக்கு? பேரட்டின் சார்பில் அதைக் கேட்க நாவலில் ஒருவருமில்லை.

சாம்மியின் கதி இன்னும் கொடிது. இயந்திரத்தின் பெயருக்கு முன்னால் 'ஆர்' என்னும் எழுத்தை ஒட்டுகிறார்கள், பிறப்பு இன்னதென்று அறிவிக்க. பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் உதறிய இயக்கத்தார்க்கு இந்த எழுத்தின் பொருளை விளக்கவும் வேண்டுமோ? சிந்திக்கும் ஒன்றைப் படைத்து, கீழ்ப்படிதலை அதன் மூளையிலேயே சட்டமாகப் பொறிக்கிறார்கள். எண்டர்பியின் கட்டளைப்படி வெட்டவெளி வழியே கொலைக்கருவியைச் சுமந்தது சாம்மி. பின்னர் அதையே அழித்து, பழியைப் பெய்லியின் தலையில் சுமத்த முயல்கிறார் அவர். சாம்மிக்காக இரங்குவார் இல்லை.

எண்டர்பிக்கோ மன்னிப்பு! அவர் குறிவைத்தது டானீலை. கண்ணாடி உடைந்ததால், அதே உருவம் கொண்ட சார்ட்டன் பலியானார். குடியேற்றத் திட்டத்துக்கு ஆள் திரட்ட உதவுவார் என்பதால் ஆணையர் தப்புகிறார். ஏசுநாதர் மன்னித்த கதையைப் பெய்லியிடம் கேட்ட டானீலே மன்னிப்பும் வழங்கிவிடுகிறது. இலக்கானது மன்னிப்பது அழகுதான். ஆனால் சார்ட்டன் மன்னித்தாரா? சாம்மி மன்னித்ததா? பதவியிலிருப்பவன் பயன்படுவான் என்றால் குற்றம் கரைந்துவிடுமோ? ஏவலாள் பேரட் இதே குற்றத்தைச் செய்திருந்தால் அந்த வசனம் அவனுக்கும் கிடைத்திருக்குமா?

தோழர்களே, நாவலைப் படியுங்கள். துப்பறியும் திறனைச் சுவையுங்கள். 'கொன்றவர் யார்' என்பதற்கு அசிமோவ் விடை தந்துவிட்டார். பேரட்டின் வேலை என்னவாயிற்று என்பதை மட்டும் நாம் விடாமல் கேட்போம்.